அம்மன் முகத்துக்கு ஒரு பச்சை

ஐம்பத்திரண்டு வயதில் நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாளியில் தண்ணீரைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தின் மறைவில் அழுதிருக்கிறேன். செத்தது உறவுக்காரர் யாரும் இல்லை. சட்டைப் பொத்தானில் பாதிகூட இல்லாத ஒரு பச்சை லேசர் டயோடு. கொன்றவனும் நானே என்பதால் துக்கம் விசாரிக்கக்கூட ஆள் வரவில்லை.

எனக்கு ராயபுரத்தில் ஹார்டுவேர் கடை, திருவொற்றியூரில் வீடு. ஆணியும் பெயிண்டும் விற்ற நேரம் போக மிச்ச நேரத்தில் லேசர் புரொஜெக்டர் செய்கிறேன். இரண்டு பொடிக் கண்ணாடிகள் அதிவேகமாக ஆடி, ஒளிப்புள்ளியைச் சுவரில் ஓடவிட்டுக் கோட்டோவியம் வரையும் பெட்டி அது. என் வயதுக்காரர்கள் சர்க்கரை வியாதியும் காலை நடையுமாகத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை.

இந்தப் பைத்தியத்தில் நெடுநாள் வில்லன் பச்சை. சிவப்பும் நீலமும் ஒரு மின்னணுச் சில்லிலிருந்து நேராகப் பிறந்துவிட்டன. பச்சை மட்டும் பிறக்க மறுத்தது. சில்லில் இண்டியம் என்ற உலோகத்தைக் கூடுதலாகச் சேர்த்தால்தான் பச்சை வரும், சேர்த்தால் சில்லே கெட்டுப்போகும் என்று விஞ்ஞானிகள் வருஷக்கணக்காக மோதிக்கொண்டிருந்தார்கள். அதுவரை எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைத்தது சுற்றுவழிப் பச்சை. கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒரு படிகத்தில் புகுந்து வேறு கதிராகி, அடுத்த படிகத்தில் புகுந்து கடைசியில் பச்சையாக வெளியே வரும். தாலுகா ஆபீசில் மேசை மேசையாக நகரும் மனு மாதிரி. கொஞ்சம் வெயில் ஏறினால் படிகங்களுக்குள் ஒத்துப்போகாது, மனு நின்றுவிடும். எண்ணூர்ப் புழுக்கத்தில் அது எப்படி உழைத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

போன வருஷம் அது நின்ற இடம் எண்ணூர் நெட்டுக்குப்பத்து அம்மன் திருவிழா.

அந்தக் குப்பத்தில் எனக்கு ஒரு தோஸ்து. படகுக்காரர், கடைக்குப் பெயிண்ட் வாங்க வந்து பழகியவர். ஊர்த் திருவிழாவில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு முறை உண்டு. ஒரு வீட்டுக்குக் குடை, ஒரு வீட்டுக்குக் கூழ். அவர் குடும்பத்துக்கு விளக்கு. பெட்ரோமாக்ஸ் தூக்கிய காலத்திலிருந்து சீரியல் பல்பு வரை அவர்கள் கையில்தான். என் பேச்சை நம்பி, அம்மன் முகத்தை லேசரில் காட்டுகிறேன் என்று அவர் பஞ்சாயத்தில் வாக்குக் கொடுத்தார். லேசர் புரொஜெக்டரில் மஞ்சள் என்று தனியாக ஒன்று கிடையாது. சிவப்பும் பச்சையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால்தான் மஞ்சள். மஞ்சள் பூசிய முகமாகத் தொடங்கிய அம்மன், பச்சை படுத்ததும் ஊர் பார்க்க ரத்தச் சிவப்பானாள். அந்த வருஷம் மீன்பாடு இல்லை. இரண்டு படகுக்கு இன்ஜின் போயிற்று. எல்லாம் என் தோஸ்தின் தலையில் விழுந்தது. இன்னொரு தரம் கோளாறு என்றால் விளக்கு முறையைப் பங்காளிக்கு மாற்றிவிடுவோம் என்று பஞ்சாயத்தார் சொல்லிவிட்டார்கள். பங்காளியிடம் ஜெனரேட்டரும் டியூப்லைட்டும் தயாராக இருந்தன.

"அண்ணாச்சி, வெளக்கு எங்க வூட்ட வுட்டு போச்சின்னா, நான் கடலுக்குப் போலாம், ஊருக்குள்ள போவ முடியாது," என்றார்.

இதற்கிடையில் நேரடிப் பச்சை டயோடு சந்தைக்கு வந்திருந்தது. படிகம் இல்லை, மனு இல்லை. மின்சாரம் கொடுத்தால் சில்லே பச்சையாகப் பேசும். ஒன்றை வரவழைத்தேன். நல்லதாக ஒன்றே ஒன்று.

திருவிழா அன்று மதியம், வீட்டு மேசையில் அதை ஈயம் வைத்துப் பற்றவைக்க உட்கார்ந்தேன். லேசர்க் கிறுக்கர்களுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. மின்சாரம் கொடுக்கும் பலகையை அணைத்த பிறகும், அதிலுள்ள கெப்பாசிட்டர் கொஞ்சம் மின்சாரத்தைப் பதுக்கி வைத்திருக்கும்; அது ஒரேயடியாகப் பாய்ந்தால் டயோடு செத்துப்போகும். டயோடை வைக்கும் முன் பலகையின் இரண்டு ஒயரையும் ஒன்றோடொன்று தொடவிட்டு அதைக் காலி செய்ய வேண்டும். இந்தச் சட்டத்தை நானே சிவப்பு மையில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டியிருந்தேன். அதற்கு நேர் கீழே உட்கார்ந்து, பஞ்சாயத்தார் சால்வை போர்த்தும்போது எவ்வளவு அடக்கமாகப் பேசுவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே, ஒயரைத் தொடவிடாமல் டயோடைப் பற்றவைத்தேன். பளிச்சென்று ஒரு பச்சை. நான் பார்த்ததிலேயே அழகான பச்சை. பிறகு மங்கல். லேசர் செத்து, சாமிப் படத்துக்கு மாட்டும் சின்ன பல்பாகிவிட்டிருந்தது.

அதன் பிறகுதான் குளியலறை.

வெளியே வந்தபோது மூன்று மணி. தெரிந்த லேசர்க்காரர்கள் இரண்டு பேருக்குப் போன் போட்டேன். ஒருவரிடம் நீலம் மட்டும். மற்றவர் வாரக் கடைசியில் பார்க்கலாம் என்றார். தோஸ்திடமிருந்து நான்கு அழைப்புகள், எடுக்கவில்லை. எடுத்தால் என்ன சொல்வது? ஒரு மனிதரின் தாத்தா காலத்து உரிமையை, போடாத சால்வைக்காகக் கொன்றுவிட்டேன் என்றா? ஓடிப்போவதைப் பற்றி உண்மையாகவே யோசித்தேன். மாத்தூரில் சித்தப்பா வீடு இருக்கிறது. ஆனால் ஐம்பத்திரண்டு வயதில் ஓடிப்போகிறவன் சித்தப்பா வீட்டுக்கு ஓடினால் மரியாதையாக இருக்காது.

என் மனைவி தூத்துக்குடிப் பக்கம். என் மேசையை எட்டிப் பார்த்துவிட்டு, "டைல்ஸ் கொத்தனாருக்கு நம்ம கடையில விக்கியள்லா, செவுத்துல பச்சைக் கோடு போடுத பெட்டி? அதுக்குள்ள இருக்கது என்னது, அகல் வெளக்கா?" என்றாள்.

மட்டம் பார்க்கும் லேசர். வாரத்துக்கு இரண்டு விற்கிறேன். அதற்குள் இருப்பதும் நேரடிப் பச்சை டயோடுதான். அட்டைப் பெட்டியில் எழுதியிருப்பதை வாடிக்கையாளருக்கு நானே வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

ராயபுரத்துக்குப் பறந்தேன் என்று எழுத ஆசை. துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஸ்கூட்டரைக் காலால் தள்ளிக்கொண்டு போனேன். கடையில் புதுப் பெட்டி ஒன்றைப் பிரித்து, கல்லாப் பக்கத்திலேயே உடைத்து, டயோடைக் கழற்றினேன். இந்தத் தடவை ஒயர்களைப் பதினொரு தரம் தொடவிட்டேன். பச்சை எரிந்தது. ஆனால் தரையில் மட்டம் காட்டப் பிறந்த ஜீவன் அது. செத்துப்போன டயோடின் பலத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம்.

குப்பத்துக்குப் போய்ச் சேரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. வலைக்கூடத்து வெள்ளைச் சுவருக்கு எதிரே பெட்டியை வைத்து, கையோடு கொண்டுவந்த பேட்டரியில் சொருகினேன். தோஸ்து பெட்டிக்கு அடியில் ஒரு செங்கல்லை வைத்து மட்டம் செய்தார். சிவப்பும் பச்சையும் ஒரே கோட்டில் விழ வேண்டும். என் அவசரத்தில் அம்மனுக்கு இரண்டு மூக்குத்தி, மூன்று புருவம். ஒரு திருகைத் திருப்பினால் மூக்குத்தி ஒன்றாகும், கண் நாலாகும். பின்னால் பங்காளி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஒருவழியாகக் கோடுகள் சேர்ந்தன. அடுத்த சனியன், பச்சையின் பலவீனத்துக்கு ஏற்பச் சிவப்பையும் குறைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் மறுபடியும் ரத்த அம்மன். குறைத்தேன். மஞ்சள் முகம் வந்தது, ஆனால் சீரியல் பல்பு வெளிச்சத்தில் தெரியவே இல்லை. சுவரில் அம்மன் இருக்கிறாள் என்பதை நான் சொன்னால்தான் உண்டு.

"எல்லா லைட்டையும் நிறுத்தணும்," என்றேன். என் குரல் எனக்கே பிச்சை கேட்பது போல இருந்தது.

"எல்லாத்தையுமா?" என்றார் தோஸ்து.

"தெருவையும் சேத்து."

விளக்கு முறைக்காரர் ஊரின் விளக்கையெல்லாம் அணைப்பதா? அவர் பங்காளியைப் பார்த்தார், கோவிலைப் பார்த்தார், பிறகு விறுவிறுவென்று ஊர் முழுவதற்குமான மெயின் சுவிட்சுக்கு நடந்தார். குப்பம் முழுக்க இருண்டது. முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் அனல் மின் நிலையத்து விளக்குகள் மட்டும் கூசாமல் எரிந்தன. அவற்றை அணைக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை.

சுவரில் மெல்ல, மஞ்சள் அரைத்துப் பூசிய நிறத்தில், அம்மன் முகம் வந்தது. ஆடவில்லை, சிவக்கவில்லை. பத்து நிமிஷம் நின்றாள். அந்தப் பத்து நிமிஷமும் எனக்குப் பின்னால் யார் நின்றார்கள் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. தோஸ்து கன்னத்தில் போட்டுக்கொண்டதை இருட்டிலும் பார்த்தேன். பிறகு அவரே போய்ச் சுவிட்சைப் போட்டார். பஞ்சாயத்தார் கோவில் வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். நான் வீடு வந்து, சாப்பிடாமல், சட்டையைக்கூடக் கழற்றாமல் கிடந்தேன்.

காலையில் தோஸ்தின் போன். முறை என்ன ஆயிற்று என்று நான் கேட்கும் முன் அவரே சொன்னார்.

"வெளக்கு எங்கையிலயேதான் கீது அண்ணாச்சி. பஞ்சாயத்துல ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல."

"அம்மனைப் பாத்துட்டு என்ன சொன்னாங்க?"

"அம்மனா? அத்த எங்க பாத்தாங்க? கரண்ட்டு போச்சின்னு ஊரே வூட்டுக்குள்ள விசிறிகினு குந்திகினு இருந்துது. இவன் முறை வச்சிக்கிறதாலதான் பத்து நிமிசத்துல கரண்ட்டக் கொண்டாந்துட்டான்னு எல்லாரும் பேசிக்கிறாங்க."