என்னை மாப்பிள்ளை என்று அழைத்த மாலை

பிள்ளைகளே, போன ஞாயிற்றுக்கிழமை அன்னூரிலிருந்து திரும்பும்போது நீங்கள் இருவரும் என்னிடம் கேட்டீர்கள்: "மாமா ஊட்டு வாசல் வரைக்கும் வர்றீங்க, உள்ள மட்டும் ஏனுங்கப்பா வர மாட்டேங்கறீங்க?" வண்டிக்குக் காற்று அடிக்க வேண்டியிருந்தது என்று ஏதோ சொன்னேன். அது பொய் என்று பெரியவளுக்குத் தெரிந்துவிட்டது. வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன், அதுவும் வேறு எழுத்தில். தமிழ் எழுத்தை முதலில் பேக்கரி விலைப்பலகையைப் பார்த்தும், பிறகு உங்கள் பாடப்புத்தகங்களை வைத்தும் கற்றுக்கொண்டேன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

நான் நேபாளத்து மலையிலிருந்து மீசை முளைக்கும் முன்பே இங்கே வந்தவன். கிணத்துக்கடவு பேக்கரியில் தட்டு கழுவி, மாவு பிசைந்து, கடைசியில் அடுப்புக்கு மாஸ்டர் ஆனேன். உங்கள் அம்மா இந்த மண்ணின் பெண், தோட்டமும் தென்னையும் உள்ள வீட்டிலிருந்து வந்தவள். எங்கள் கல்யாணத்துக்கு அவள் பக்கத்தில் ஒருவரும் வரவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

பெரியவளே, நீ பிறந்ததும் ஊரே உன்னைப் பார்த்தது. நிறம் அம்மாவுடையது. கண்ணும் கன்னமும் என்னுடையவை. உக்கடம் போகும் பஸ்ஸில் அம்மா உன்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவர் அடுத்த நிறுத்தத்துக்குள் கேட்டுவிடுவார்.

"ஏனுங் அம்மணி, இது உங்க கொளந்தைங்களா?"

"ஆமாங்க."

"அப்படீங்களா. பொம்மையாட்ட இருக்குது. நான் தத்து எடுத்து வளத்தறீங்களோன்னு நெனச்சுப்போட்டேன்."

பிறகு பின்னால் கம்பியைப் பிடித்து நிற்கும் என்னைப் பார்ப்பார். உன்னைப் பார்ப்பார். "ஓ" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அந்த "ஓ"வை நான் எத்தனையோ வாயில் கேட்டிருக்கிறேன்.

கடைக்கு வருகிறவர்களும் விடவில்லை. ஒருவர் டீ குடித்துக்கொண்டே உன் முகத்துக்கு நேரே குனிந்து, "மாஸ்டரு, பாப்பாவுக்குப் பாதிக் கண்ணுதான் தெறந்திருக்குது, பூராத் தெரியுதுங்களா?" என்று கேட்டார். நானும் சிரித்துவைத்தேன். கல்லாவில் இருந்த உங்கள் அம்மா சிரிக்கவில்லை. "உங்களுக்குத்தான் முழுசாத் தெறந்திருக்குதுங்களே. இங்க எச்சில் துப்பாதீங்கன்னு போர்டு தொங்குது, தெரியலீங்களா?" என்றாள். அவர் அதற்கும் சிரித்தார். மறுநாளும் வந்தார்.

உன்னை யாரும் திட்டியது இல்லை. அடித்தது இல்லை. கன்னத்தைக் கிள்ளினார்கள், கூட நின்று போட்டோ எடுத்தார்கள், எல்லாவற்றையும் 'ங்க' போட்டுக் கேட்டார்கள். இவ்வளவு மரியாதையாக ஒருவரை வெளியே நிறுத்திவைக்க முடியும் என்பது எனக்குத் தெரிய வெகுநாள் ஆயிற்று.

உனக்கு ஆறு வயது இருக்கும்போது மாமா, உங்கள் அம்மாவின் தம்பி, பேக்கரிக்கு வந்தார். உன் தம்பி அப்போது பிறக்கவில்லை. உங்கள் அம்மா வீட்டை விட்டு வந்த பிறகு அவர்கள் பக்கத்தில் இருந்து வந்த முதல் ஆள் அவர்தான். உள்ளே வராமல் வாசலில் நின்றே டீ வாங்கிக் குடித்தார். என்னை மாமா என்றோ மச்சான் என்றோ மாஸ்டர் என்றோ கூப்பிடவில்லை. அக்காவிடம் மட்டும் பேசினார்.

"எனக்குக் கண்ணாலம் வெச்சிருக்குது, அக்கா. இணைச்சீர் நீதான் செய்யோணும்."

"அம்மா ஒத்துக்கிட்டாங்களா?"

"கூடப் பொறந்த அக்கா இருக்கையில வேற ஆளத் தேடிட்டா போக முடியும்?"

அவர் போன பிறகு உங்கள் அம்மா மைதா மூட்டை மேல் உட்கார்ந்து அழுதாள்.

இணைச்சீர் என்பது உங்களுக்கு இப்போது தெரியும், எனக்கு அன்று தெரியாது. மாப்பிள்ளையும் அவருடைய அக்காவோ தங்கையோ ஒருவரும் சேர்ந்து செய்வது. மணப்பெண்ணுக்கு எடுத்த கூறைச் சேலையின் ஒரு தலைப்பை இவர் பிடிப்பார், மறுதலைப்பை அவள் பிடிப்பாள். கல்யாணம் ஆனாலும் நம் இருவர் உறவு விட்டுப்போகாது, என் பிள்ளைக்கும் உன் பிள்ளைக்கும் உரிமை உண்டு என்பது அதன் பொருள். எங்கள் மலையில் தீபாவளி முடிந்ததும் அக்கா தங்கைகள் சகோதரன் நெற்றியில் பல வண்ணத்தில் பொட்டு வைப்பார்கள். அதைப் போன்ற ஒன்று என்று நான் புரிந்துகொண்டேன். அம்மாவை விட எனக்குத்தான் போக ஆசை அதிகமாக இருந்தது.

உன்னைப் பக்கத்தில் நிறுத்தி, தண்ணீர்ச் சொம்பை உன் கையில் கொடுக்க வேண்டும் என்று அம்மா சொன்னாள். சொந்தக்காரர் கல்யாணம் ஒன்றில் இணைச்சீர் செய்தவளின் மகள் அப்படி நின்றதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறாளாம். ஒரு வாரம் வீட்டில் பழகினோம். பழகும்போது நான்தான் மாமா. துண்டின் ஒரு தலைப்பு என்னிடம், ஒன்று அம்மாவிடம். நடுவில் நீ சொம்போடு, மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பாய், தண்ணீர் ஒரு சொட்டும் தளும்பாது. "அங்க போயி அப்படியே நிக்கோணும், கண்ணு" என்பாள் அம்மா. "சிரிக்கலாமா?" என்று கேட்டாய். "பல்லுத் தெரியாமச் சிரி" என்றாள்.

இந்த ஒரு மாலை நீ அந்த மேடையில் நின்றுவிட்டால் போதும், அதற்குப் பிறகு எந்த பஸ்ஸிலும் யாரும் எதையும் கேட்கத் தேவையிருக்காது என்று நான் நினைத்தேன். அத்தனை சொந்தமும் ஒரே நேரத்தில் பார்த்துவிடும் அல்லவா.

மண்டபம் அன்னூர்ப் பக்கம். வரவேற்பில் வெட்டுவதற்கு என் பங்காக மூன்றடுக்குக் கேக் செய்திருந்தேன். பேக்கரி வேனில் அதைக் கைக்குழந்தையைக் காப்பாற்றுவதைப் போலக் கொண்டுபோய், இரும்பு ஸ்டாண்டில் ஏற்றி மேடை ஓரத்தில் வைத்தேன். வைத்துவிட்டு இறங்கும்போதே ஒருவர் விரலைச் சொடுக்கி இந்தியில் கூப்பிட்டார்.

"பையா, பானி."

"தண்ணி அந்தக் கேன்ல இருக்குதுங்க. டம்ளரு கீழ இருக்குதுங்க" என்றேன்.

"அட, நம்மூருப் பேச்சுப் பேசுதே" என்று அவர் பக்கத்தில் இருந்தவரைத் தட்டினார். "சமையல்காரரு எங்க இருந்து புடிச்சாரு?"

"சமையலுக்கு வரலீங்க. மாப்பிள்ளையோட அக்கா ஊட்டுக்காரனுங்க."

இரண்டு பேரும் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்கள். பிறகு மற்றவர் மிகவும் பணிவாகக் கேட்டார். இந்தப் பக்கம் யாரைப் பார்த்தாலும் கேட்பதுதான். எந்தக் குலம், எந்தக் குலதெய்வம் என்று தெரிந்தால்தான் பேச்சு நகரும். "நீங்க எந்தக் கூட்டமுங்க?"

"எவரெஸ்ட் கூட்டமாட்ட இருக்குது" என்று முதல் ஆள் சொன்னார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். பட்டுப் பாவாடை, தலை நிறைய மல்லிகை. எல்லோரும் சிரித்ததால் நீயும் சிரித்தாய், பல் தெரியாமல்.

மேடையில் சீர்களை முன்நின்று நடத்தும் பெரியவர், அருமைக்காரர் என்பார்கள், எல்லாவற்றையும் எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். மாமா உட்கார்ந்துவிட்டார். அம்மா புதுச் சேலையில் ஏறினாள். அவள் திரும்பி நம்மைப் பார்த்துத் தலையசைத்தாள், உன்னை அனுப்பச் சொல்லி. நான் உன் கையில் சொம்பைக் கொடுத்தேன். அப்போதுதான் அம்மாவின் பெரியம்மா வேகமாக வந்தார்.

"ஏனுங் மாப்பிள்ளை" என்றார்.

யாரையோ கூப்பிடுகிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். என்னைத்தான். அந்தக் குடும்பத்தில் ஒருவர் என்னை அப்படி அழைத்தது அதுதான் முதல் தடவை. "சொல்லுங்க" என்றேன்.

"ஒரு ஒத்தாசைங்க. பாப்பாவச் சித்த நேரம் வெளிய கூட்டீட்டுப் போயி ஐஸ்கிரீம் வாங்கித் தாங்கோ. சீரு முடிஞ்சதும் வந்தாப் போதும்."

"பாப்பா சொம்பு புடிக்கறாளுங்களே."

"அதுக்கில்லீங்க. பொண்ணூட்டுக்காரங்க ஒரு மாதிரிச் சடைக்கறாங்க. இணைச்சீருல நிக்கற புள்ளைக்கு மொற வந்துருமல்லங்க. நாளைக்கு அவங்க பேரனுக்கு இந்தப் புள்ளைன்னு பேச்சு வந்துட்டா என்ன பண்ணறது? எங்களுக்கு ஒண்ணுமில்லீங்க. எங்க புள்ளைதான் இவ. வீடியோல உழுகாம இருந்தாப் போதுங்க."

மாமா இன்னும் தாலிகூடக் கட்டவில்லை. பிறக்காத பையன் ஒருவனை ஆறு வயதுப் பெண்ணிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா உன் கன்னத்தைத் தடவி, சொம்பை வாங்கிக்கொண்டார். அதுவும் மெதுவாக, தண்ணீர் சிந்தாமல்.

மேடையில் சண்டை போட்டிருக்கலாம். நேபாளத்துக்காரன் கல்யாணத்தில் கலாட்டா செய்தான் என்று பேச அவர்களுக்கு அது ஒரு வாய்ப்பாகியிருக்கும். உன்னைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். திரும்பிப் பார்த்தபோது பெரியம்மா மேடையேறி உங்கள் அம்மாவின் காதில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா நிமிர்ந்து நாம் போவதைப் பார்த்தாள். அவள் கையில் சேலைத் தலைப்பு இருந்தது. மறுதலைப்பைப் பிடித்த மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அதை விடவில்லை.

வெளியே டீக்கடையில் உனக்குக் கப் ஐஸ் வாங்கிக் கொடுத்தேன். நாதஸ்வரம் ரோடு வரை கேட்டது. "ஆரம்பிச்சுட்டாங்கப்பா" என்றாய். "சொம்பு யாரு புடிக்கறாங்க?"

"பெரிய பாட்டி."

"அவங்க பழகலையே."

"பெரியவங்களுக்குப் பழகாமயே வரும், கண்ணு."

நீ மரக் கரண்டியை நக்கிக்கொண்டே யோசித்தாய். "நான் பல்லுத் தெரியச் சிரிச்சுட்டனா?" என்று கேட்டாய். இல்லை என்றேன். உள்ளே புழுக்கம், அதனால் வெளியே வந்தோம் என்றேன். நீ நம்பவில்லை என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அந்த ஐஸை நீ முடிக்கவில்லை.

பிறகு உள்ளே போனபோது எல்லோரும் மிகவும் பிரியமாக இருந்தார்கள். பெண் வீட்டுப் பெண்கள் உன்னை நடுவில் நிறுத்திச் செல்பி எடுத்தார்கள். "அய்யோ, என்ன அழகு" என்றார்கள். பெரியம்மா உன் இலையில் இரண்டு ஜாங்கிரி வைத்தார். என் கேக்கை வெட்டினார்கள், மாமாவும் அத்தையும் ஒருவருக்கொருவர் ஊட்டிக்கொண்டார்கள், கைதட்டினார்கள். "கேக்கு எங்கீங்க சொன்னீங்க? சூப்பருங்க" என்று ஒருவர் மாமாவிடம் கேட்டார். "கிணத்துக்கடவுலங்க" என்றார் மாமா. அவ்வளவுதான் சொன்னார்.

மறுநாள் தாலி கட்டியதும் கிளம்பினோம். உக்கடத்தில் பஸ் மாறும்போது, நீ என் தோளில் தூங்கிய பிறகு, "விட்டுப்போட்டு எறங்கி வந்திருக்கோணும்" என்றாள் உங்கள் அம்மா.

நான் உன் தலையைத் தோளில் சரியாகச் சாய்த்து வைத்தேன்.

"தம்பிக்குக் கை நடுங்குச்சுங்க. சேலை வழியாத் தெரிஞ்சுது."

உன்னை வெளியே அனுப்பியது மாமாவுக்கும் தெரியும் என்கிறாள். தெரிந்தும் தலைப்பைப் பிடித்துக்கொண்டே இருந்தார். அவளும்தான். உங்கள் அம்மாவை நான் அன்றும் குறை சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை. அவளுக்கு ஒரே தம்பி. அந்த உறவுக்காக அவள் கொடுத்த விலை என்ன என்று அவர்கள் யாரும் கேட்டதில்லை. அதனால்தான் இன்றும் உங்களை வாசல் வரை கொண்டுவந்து விடுகிறேன். நீங்கள் போக வேண்டும். மாமா உங்களுக்கு மாமாதான். நான் மட்டும் நுழைய மாட்டேன். அந்த வீட்டில் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டால், அடுத்து என்ன கேட்பார்களோ என்று இருக்கிறது.

கல்யாணம் முடிந்து இரண்டாம் நாள் கேக் ஸ்டாண்டைத் திரும்ப எடுக்க நான் மட்டும் அந்த மண்டபத்துக்குப் போனேன். வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். மேடையில் வாடிய பூவும் அரிசியும் அப்படியே கிடந்தன. ஸ்டாண்ட் ஓரத்தில் இருந்தது. படிக்குக் கீழே வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறினேன். பாதி மேடை நடந்தவன், நீ சொம்போடு நின்றிருக்க வேண்டிய இடம் வந்ததும் நின்றேன். திரும்பி இறங்கினேன். செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடியும் ஏறிப் போய் ஸ்டாண்டை எடுத்தேன்.