வந்த தடத்திலேயே

கும்பலாகப் போய்ப் பறவை பார்ப்பது எனக்கு ஒத்துவராத காரியம். பறவைச் சத்தத்தைவிட மனிதப் பேச்சுதான் அதிகமாகக் கேட்கும். ஆனாலும் பூநாரை ஆசை விடவில்லை. போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டு ஏரிக்கரைக்குப் போனேன். எங்களை அழைத்துப்போன பெண்ணுக்குக் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை ஒன்றில் கிரேன் ஓட்டும் வேலை. விடுமுறை நாளில் இப்படி ஊராருக்குப் பறவை காட்டுவார்.

ஈர மணலில் வெகுதூரம் நடந்தோம். பூநாரைகள் இளஞ்சிவப்புக் கோடாகத் தெரிய ஆரம்பித்த இடத்தில் அவர் சட்டென்று கையை நீட்டி மறித்தார். காலடியில் கூழாங்கல் போல மூன்று முட்டைகள். உப்புக்கொத்தி என்ற சின்னப் பறவை வெறும் மணலில் இட்டவை.

"இன்னும் எங்கெங்க வச்சிருக்குதோ, தெர்ல. திரும்பிடலாம். வந்த தடத்துலயே கால வச்சிப் போங்க."

பெரிய கேமராவோடு வந்தவர் கொதித்துவிட்டார். "இன்னா மேடம், இவ்ளோ தூரம் வந்துட்டு!"

"நாம அது ஊட்டுக்குள்ள நின்னுகினு இருக்கோம், சார்." குரலை உயர்த்தவே இல்லை.

நானும் மனதுக்குள் முணுமுணுத்தேன். ஆனால் அத்தனை பேரும் வரிசையாக, அவரவர் காலடித் தடத்தில் கால் வைத்துத் திரும்பினோம். பேச்சு அடங்கிவிட்டது. பாதி வழியில் முதுகுக்குப் பின்னால் பெரும் சிறகுச் சத்தம். பூநாரைகள் மொத்தமாக எழும்பி எங்கள் தலைக்கு மேலே போயின. அவற்றின் நிழல்கள் மணலில் ஓடுவதைத்தான் பார்த்தேன்.

ஒருவரும் நிமிரவில்லை. எனக்கு முன்னால் போன கேமராக்காரர் குனிந்து அடுத்த தடத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.