ஒற்றைக்கண்ணன் புதையல்

2007-இல் நகர மரபு விழாவுக்காக அச்சடித்த கையேடு இப்படிச் சொல்கிறது: ‘திரு. பக்கிரி, வயது 54. நானூறு ஆண்டுகளாகத் தம் முன்னோர் வாய்மொழியாகக் காத்துவந்த கடற்கொள்ளையர் கதையின் இன்றைய காவலர்.’

பக்கிரியின் முன்னோர் கருவேப்பிலங்குறிச்சியில் மல்லாட்டை பயிரிட்டவர்கள். கடலைப் பார்த்தவர் அவர்களில் ஒருவருமில்லை. கதைக்கு வயதும் நான்குதான்.

விருத்தாசலத்தில் அவர் வேலைபார்த்த பீங்கான் பட்டறையில் மீசைக்காரக் காவலாளி பொம்மை செய்தார்கள். அச்சில் இடது கண் பெயர்ந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. சூளையிலிருந்து வந்த இருநூறு காவலாளிகளுக்கும் கண்ணிருக்க வேண்டிய இடத்தில் ஒரு கட்டி. முதலாளி உடைக்கச் சொன்னார். பக்கிரி கட்டியின் மேல் கறுப்புப் பட்டை தீட்டினார். காவலாளி கொள்ளைக்காரன் ஆகிவிட்டான். வேறு ஊர்களில் இதற்கு அதிகம் செலவாகும். வாங்க வந்தவர்களிடம், இவன் பரங்கிப்பேட்டையில் கப்பலை நிறுத்திவிட்டு ஆற்றோடு படகில் வந்தவன், மணிமுத்தாற்று மணலில் புதையலைப் புதைத்துவிட்டுப் போனவன் என்று அளந்தார். பொம்மை போதவில்லை. பழுதான அச்சைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள்.

பட்டைகளில் பாதியைத் தீட்டியவன் சூளை அடுக்கும் கருப்பன். பொய் பிறந்தபோது பக்கத்திலேயே நின்றவன். ஆனால் பஸ் ஸ்டாண்டில் கேட்டு, பள்ளி ஆண்டுமலரில் படித்து, மூன்று வருஷத்தில் அவனுக்கும் அது நிஜமாகிவிட்டது.

“நீயா சொன்னதா நெனச்சிக்கினு இருக்கிற. அது நெசமா நடந்ததுய்யா, ஒனக்குத் தானா தோணியிருக்குது” என்று பக்கிரிக்கே விளக்கினான். பக்கிரி சிரித்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

2006 மே மாதம், வறண்டு கிடந்த ஆற்றில் கருப்பன் இரண்டு ஆள் ஆழத்துக்குத் தோண்டினான். மணல் சரிந்து அவனை மூடிவிட்டது.

விழாவுக்கு முந்திய நாள் பக்கிரி, கருப்பனின் மனைவி ஆராயியிடம் போய், எல்லாம் தன் கட்டுக்கதை என்றும் மேடையில் அதைச் சொல்லிவிடப் போவதாகவும் சொன்னார். முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டிருந்த அவள் கொஞ்ச நேரம் கல்லைப் பொறுக்கினாள்.

“சொல்லாதீங்கண்ணே. இருந்ததைத் தேடப் போயி செத்தாருன்னா நாலு பேருகிட்ட சொல்லிக்கலாம். இல்லாததுக்குச் செத்தாருன்னா, எம்புள்ளைங்களுக்கு அப்பன் கிறுக்கனாப் பூடுவாரு.”

“இன்னொருத்தன் போயி தோண்டுனா?”

அவள் முறத்தைத் தூக்கிப் புடைக்கத் தொடங்கினாள்.

மறுநாள் பக்கிரி மேடையேறி, புதையல் இருந்தது உண்மை, கருப்பன் தோண்டிய இடமும் சரியான இடம்தான், ஆனால் அதற்கு முந்திய மழைக்காலத்து வெள்ளம் அதைக் கடலுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று சொன்னார்.