அப்பாவின் யுகுலேலேக்கு வயது பார்த்தது

போன மாதம் இறந்துபோன அப்பாவின் யுகுலேலே, நாலு தந்திக் குட்டி கிட்டார், பரணில் கிடைத்தது. அதை இன்று மூக்கண்டப்பள்ளியில் கிட்டார் ரிப்பேர் செய்பவரிடம் காட்டினேன்.

பேக்டரியில் குவாலிட்டி செக்கிங் பார்க்கிற புத்தி, முதலில் பேட்ச் நம்பரைத்தான் தேடினேன். இல்லை.

அவர் டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். முறுக்காணிகளைத் திருகினார்.

“அறுபத்தெட்டு வாக்குல செஞ்சதுங்க சார்.”

பிறகு கழுத்துக் கட்டையைத் தடவினார். “விரல் பட்டுத் தேஞ்ச தடமே இல்லீங்க. வாங்கின புதுசுல கொஞ்ச நாள் வாசிச்சிருப்பாரு. அப்புறம் தொடவேயில்ல. அந்த வருசம் வீட்ல என்னங்க ஆச்சு?”

“நான் பொறந்தேன்.”

அவர் டார்ச்சை அணைத்தார். எனக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. பஸ் பிடித்து வந்துவிட்டேன்.

நீங்கள் பிறந்ததும் உங்கள் வீட்டில் எது பரணுக்குப் போனது? அப்பா இருக்கிறவர்கள் கேட்டுச் சொல்லுங்கள்.