அடையாற்றங்கரையில் ஓர் அழுகண்ணி

மூன்று வருடங்களுக்கு முன், மார்கழி மாதத்து ஞாயிறு காலை. அடையாற்றங்கரையில், குடிசை வீடுகளை ஒட்டிய ஈர மணலில் கேமராவோடு குப்புறப் படுத்திருந்தேன். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. அங்கே அழுகண்ணி முளைத்திருந்தது. சுண்டுவிரல் உயரம்கூட இராது. இலையில் மினுங்கும் பசைத் துளிகளில் பூச்சியை ஒட்டவைத்துத் தின்கிற செடி. மலை மலையாக அலைந்து படமெடுத்த செடி, மயிலாப்பூரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடும் தூரத்தில் கிடைத்தால் விடுவேனா?

யாரும் மிதித்துவிடக் கூடாதே என்று சுற்றிலும் சிவப்பு ரிப்பன் கட்டிய குச்சிகளை நட்டேன். அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஸ்கேலை வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் தலைமாட்டில் கால்கள். நிமிர்ந்தால் ஒரு அம்மா, அவருக்குப் பின்னால் லுங்கி கட்டிய இரண்டு ஆண்கள். என் புத்தி நேராகக் கேமராவுக்குத்தான் போனது. பிடுங்கிக்கொண்டு ஓடப்போகிறார்கள் என்று அதன் வாரைக் கையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டேன்.

"இன்னாமா அளந்துகினு கீற?" என்றார் அந்த அம்மா.

"செடிங்க. பூச்சி தின்னும்."

"செடிக்கு எதுக்குக் குச்சி? எந்த ஆபீஸ்லேர்ந்து அனுப்பினாங்க?"

"பொது இடம்தானே" என்றேன் விறைப்பாக. அதைச் சொல்லியிருக்கவே கூடாது. அவர் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார். பக்கத்துத் தெருவில் இப்படித்தான் முதலில் படமெடுத்தார்களாம், குச்சி நட்டார்களாம், அப்புறம் கதவில் நம்பர் எழுதினார்களாம், கடைசியில் எல்லாரையும் காலி செய்தார்களாம். அவருடைய அக்கா குடும்பம் இப்போது ஊருக்கு வெளியே எங்கோ இருக்கிறது. வேலைக்கு வர மூன்று பஸ் மாற வேண்டுமாம்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கேமராவை அவர் கையிலேயே கொடுத்தேன். இரண்டு படங்களில் அவர் வீட்டுக் கதவு தெரிந்தது.

"இத்த அழிச்சிடு."

அழித்தேன். கடைசிப் படத்தில் ஒரு கொசு ஒட்டிக்கிடந்தது. "நெசமாவே துன்னுது" என்று சிரித்தார்.

"இது எல்லா எடத்துலயும் மொளைக்காதா?"

"இல்லைங்க, ஊருக்குள்ள ரொம்ப அபூர்வம்" என்றேன் பெருமையாக.

அவர் சிரிப்பு நின்றது. "அப்ப இத்தக் காப்பாத்தணும்னு சொல்லி எங்கள காலி பண்ணுவாங்களா?"

அவர் பிடுங்கிப் போட்ட குச்சிகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

செடிப் பிரியர்களின் குழுவில் படத்தைப் போட்டால் முதல் கேள்வியே எந்த இடம் என்பதுதான். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அது. இன்றுவரை ஒருவருக்கும் காட்டவில்லை. அந்த அம்மாவுக்கு என்மேல் வந்த சந்தேகம் தப்பு என்று இன்னும் என்னால் சொல்ல முடியவில்லை.