புகை வீட்டுக் கதவு

புளித்த பாலையும் கருகிய விறகையும் ஒரே பானையில் மூடி வைத்துத் திறந்தால் ஒரு வாடை வருமே, புகையில் தொங்கும் ரப்பர் சீட்டின் வாடை அதுதான். ஈப்போவில் இன்று என் மசாலா மில்லைத் தெரியாத கடைக்காரர் கிடையாது. தோட்டத்துப் பள்ளியில் இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவள் மூன்று இயந்திரம் போட்டு நிற்கிறேன். யாருக்கும் பயந்தவளில்லை. அந்த வாடைக்கு மட்டும் பயப்படுவேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், கோப்பெங்கிற்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில், எனக்கு ஒன்பது வயது. என் மூட்டுகள் பிறவியிலேயே தளர்ந்தவை. கட்டைவிரலை வளைத்து மணிக்கட்டில் படுக்க வைப்பேன், முழங்கை பின்பக்கம் மடங்கும். கூலிகள் குடியிருந்த லயத்துப் பிள்ளைகள் "ரப்பர் குட்டி" என்று வேடிக்கை பார்ப்பார்கள், நானும் பெருமையாகக் காட்டுவேன். அந்த வருஷம் வலது தோள் நழுவத் தொடங்கியதும் பெருமை போயிற்று. தலை சீவக் கையைத் தூக்கினால் போதும், "கொளக்" என்று குழியை விட்டு இறங்கிவிடும். வலியைவிட, என் கை எனக்குச் சொந்தமில்லாததுபோல் தொங்குவதைப் பார்த்துத்தான் அதிகம் அழுவேன். நாட்டு வைத்தியர் இழுத்து இழுத்துப் போட்டார். இழுக்க இழுக்க இன்னும் சுலபமாக நழுவியது.

அம்மாவின் பயம் வேறு. பத்து வயதானால் பிள்ளைகளைப் "பெரட்டு" என்கிற விடியற்காலை ஆள்கணக்கில் நிறுத்தி வேலைக்குச் சேர்ப்பார்கள். பால் வாளி தூக்க முடியாதவள் என்று தெரிந்தால் துரை எங்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார் என்று, அப்பாவை அந்த மண்ணிலேயே புதைத்திருந்தவள் நடுங்கினாள். ரப்பர் சீட்டுகளைத் தொங்கவிட்டு உலர்த்தும் புகை வீட்டில் தீ போடும் தன் அண்ணனிடம், என் மாமாவிடம், போய் அழுதாள்.

"இவள வயித்துல வச்சுக்கிட்டே மரத்துல பால் வெட்டுனேன்ணே. அந்தப் பாலுதான் எலும்புல ஏறிருச்சு."

மாமா யோசிக்கவே இல்லை. "ஏறுனா என்னா? பொகையில வச்சா இறுகிரும்லா. நல்லா பொகை குடிச்ச சீட்ட யானை இழுத்தாலும் அறாது."

சிரிக்காதீர்கள். பால் உறைந்து, சீட்டாகி, புகையில் இறுகுவதையே ஆயுள் முழுவதும் பார்த்தவர்களுக்கு வேறென்ன தோன்றும்? ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், மாலையில் என்னைப் புகை வீட்டுக்குள் விட்டு மாமா வெளியே தாழிடுவார். அவர் ஒரு சுருட்டுக் குடித்து முடிக்கும் மட்டும் நேரம். உள்ளே இருட்டில் வரிசை வரிசையாகத் தொங்கும் சீட்டுகள் உரித்த தோல்களைப்போல இருக்கும். கண் எரியும், மூச்சு அடைக்கும், நானும் பழுப்பேறி அவற்றோடு தொங்கப்போகிறேன் என்றே நம்பினேன். கத்தினால் வெளியிலிருந்து குரல் வரும்: "வாய மூடுடி, பொகை வீணாப்போவுது."

மூன்றாம் நாள் கையை நீட்டிக் கதவைத் தள்ளினேன். தோள் நழுவியது. அந்த இருட்டில் நானே அதைத் தட்டுத்தடுமாறிக் குழிக்குள் சேர்த்துவிட்டு, அதன்பின் நீட்டவே இல்லை. முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, உள்ளங்கையைப் பலகையில் பதித்து, உயிரைக் கொடுத்துத் தள்ளுவேன். கதவு அசையாது. இடுக்கில் மூக்கை வைத்து மூச்சு வாங்குவேன், மறுபடி தள்ளுவேன். மிச்ச நாளெல்லாம் இதேதான்.

மண்டலம் முடிந்தபோது தலை சீவினேன். தோள் இருந்த இடத்தில் இருந்தது. அம்மா முனியாண்டிக்குப் பொங்கல் வைத்தாள். தோட்டமே புகையின் மகிமையைப் பேசியது. நானும் தலையாட்டினேன். கதவைத் தள்ளினேன் என்று சொன்னால், ஒழுங்காகப் புகை குடிக்கவில்லை என்று இன்னொரு மண்டலம் வைத்துவிடுவார்களே.

போன மாதம் என் பேத்திக்குப் பூப்பந்து ஆடுகையில் தோள் நழுவியது. அவளுக்கும் என் மூட்டுதான். கிளினிக்கில் இருந்த படித்த பெண் ஒருத்தி, இழுக்காதே, வளைத்து வித்தை காட்டாதே, முழங்கையை விலாவோடு ஒட்டிச் சுவரைத் தினமும் தள்ளு, சதை பலப்பட்டால் தோளைப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லிக் கொடுத்தாள். இதை நான் ஒன்பது வயதில் கண்டுபிடித்துவிட்டேன் என்றேன். அவள் சிரித்தாள், நம்பவில்லை.

அந்தத் தோட்டம் இன்றில்லை. லயமும் புகை வீடும் இருந்த இடத்தில் வரிசை வீடுகள். நேற்றுச் சுவரைத் தள்ளிப் பழகப் பேத்தி தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"கதவத் தெறந்து வச்சுக்கிட்டுத் தள்ளு."

"செவுத்தத்தான தள்ளுறேன் பாட்டி."

எழுந்து போய் நானே திறந்தேன். அவள் தள்ளி முடிக்கும்வரை வாசற்படியை விட்டு நகரவில்லை.