ஏழு மணி முகவரி

யூஸ்டைன் பதினோரு வருடமாகச் சம்பளத்துக்கு சைக்கிள் ஓட்டுகிறவன். எந்தப் பந்தயத்திலும் முதலாவதாக வந்ததில்லை. அது அவனுடைய வேலையும் இல்லை. அணித் தலைவனுக்கு முன்னால் போய்க் காற்றை மறிக்க வேண்டும். பின்னால் வரும் காரிலிருந்து எட்டுத் தண்ணீர் பாட்டில்களை வாங்கிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு கூட்டத்தின் முன்வரிசைக்கு ஏற வேண்டும். தலைவனின் சக்கரம் பழுதானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ரோட்டோரம் நிற்க வேண்டும். அவனுடைய சொந்த ஊரான ஃபாகெர்னெஸில் ஆட்கள் பார்க்கும்போதெல்லாம், "எப்பத்தான்டா ஜெயிப்ப?" என்பார்கள். "நான் ஜெயிச்சா என்னைய வேலைய விட்டுத் தூக்கிருவாங்க" என்பான்.

பதினான்கு வயதில் ஊர் கிளப்பில் சேர்ந்தான். குளிர்காலம் ஐந்து மாதம், ரோடு முழுக்கப் பனி. நிலவறையில் உருளைகளின் மேல் சைக்கிளை ஏற்றி, சுவரைப் பார்த்தபடி மிதிப்பான். தரையெல்லாம் வேர்வைக் குளம். அவனுடைய அம்மா ஒட்னி நகராட்சியின் வீட்டுச் செவிலி. வயதானவர்களைத் தேடிப் போய்க் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவள். அவள் வேர்வையைப் பார்த்துவிட்டு, படுக்கையில் நனைப்பவர்களுக்கு விரிக்கும் உறிஞ்சு விரிப்பு இரண்டைக் கொண்டுவந்து சைக்கிளுக்கு அடியில் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள்.

இந்தத் தொழிலில் இன்னொரு கட்டாயம் உண்டு. ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் எந்த முகவரியில் இருப்பாய் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஊக்கமருந்துச் சோதனைக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து கதவைத் தட்டுவார். சொன்ன இடத்தில் ஆள் இல்லாவிட்டால் ஒரு தப்பு. பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று தப்பு சேர்ந்தால் இரண்டு வருடத் தடை. யூஸ்டைனுக்கு வயது முப்பத்திரண்டு. இரண்டு வருடம் உட்கார்ந்தவனை எந்த அணியும் திரும்ப எடுக்காது.

அவன் கணக்கில் ஏற்கெனவே இரண்டு இருந்தன. முதல் தடவை ஸ்பெயினில், வாடகை வீட்டின் அழைப்பு மணி வேலை செய்யவில்லை, உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். இரண்டாம் தடவை விமானம் பனிமூட்டத்தால் வேறு ஊரில் இறங்கியது. மணிக் கதையைக் கேட்டு ஒட்னி உதட்டைப் பிதுக்கினாள். "மணி அடிக்கலன்னா ஜன்னல்ல தட்டணும். நான் ஜன்னல் வழியாவே ஏறிக் குதிச்சு ஊசி போட்டிருக்கேன்." முதல் தப்பு காலாவதியாக இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

அந்தச் சமயத்தில் பாஸ்கா வந்தது, ஈஸ்டர் விடுமுறை.

பெல்ஜியத்தில் ஒரு பந்தயத்தில் விழுந்து தோளில் காறை எலும்பு முறிந்து, கையைக் கழுத்தில் கட்டிய துணித் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு அவன் ஊர் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பாஸ்காவுக்கு மலைவீட்டுக்குப் போகாமல் இருப்பது என்ற யோசனையே அந்தக் குடும்பத்தில் யாருக்கும் வராது. வியாழக்கிழமை மத்தியானம் கிளம்புவதாக இருந்தார்கள். காற்று வலுக்கும் என்று வானொலியில் சொன்னதும் ஒட்னி புதன் சாயங்காலமே கிளப்பிவிட்டாள். மனைவி குரோ காரை ஓட்ட, யூஸ்டைன் பக்கத்தில் உட்கார்ந்து போனில் முகவரியை மாற்றினான். வியாழன் காலை ஏழிலிருந்து எட்டு, மலைவீடு. பொத்தானை அழுத்திப் போனைப் பையில் போட்டான். கார் அதற்குள் பள்ளத்தாக்கைத் தாண்டி வளைந்துவிட்டது. அங்கே டவர் கிடையாது என்பது அவனுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். மலைவீட்டுக்குப் போகும் சந்தோஷத்தில் மறந்தது அதைத்தான்.

வியாழன் காலை ஆறு இருபதுக்கு அடுப்புக்கு விறகு போட எழுந்தவன் போனைப் பார்த்தான். சிவப்பு எழுத்தில், அனுப்பப்படவில்லை.

"அம்மா."

ஒட்னி காபிக் கெட்டிலோடு திரும்பினாள். அவன் முகத்தைப் பார்த்ததும் கெட்டிலைக் கீழே வைத்தாள்.

"முகவரி போகல. ஏழு மணிக்குள்ள மாத்தணும்."

"மேட்டுக்குப் போனா டவர் கிடைக்கும். ரெண்டு கிலோமீட்டர். சறுக்குக் கட்டையக் கால்ல கட்டு."

"ஒத்தக் கையோடயா? புதுப் பனி முழங்கால் வரைக்கும் இருக்கு" என்று குரோ படுக்கையிலிருந்து எழுந்தாள்.

"தடம் நான் போடுறேன். போனக் குடு." ஒட்னி அதை வாங்கிக் கம்பளிச் சட்டைக்கு அடியில், தோலோடு ஒட்டினாற்போல் செருகினாள். "குளிர்ல வெளிய வச்சா பேட்டரி செத்துரும்."

வெளியே மூடுபனியும் எதிர்க்காற்றும். யூஸ்டைன் பழக்கத்தில் முன்னால் போகப் பார்த்தான்.

"எங்க போற?"

"காத்த மறிக்கிறதுதானம்மா என் வேலை."

"அது சைக்கிள்ல. ஒத்தக் கோல ஊனிக்கிட்டு நீ எதை மறிப்ப? என் முதுகுக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டு வா."

ஒட்டிக்கொண்டான். மற்றவர்கள் பதினோரு வருடம் தன் முதுகுக்குப் பின்னால் எவ்வளவு சுகமாக வந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவனுக்கு முழுதாகத் தெரிந்தது. அறுபத்து நான்கு வயது அம்மா ஒரே சீராகக் கால் மாற்றி ஏறினாள். பாதி வழியில் அவனுக்குத் தோள் குத்தியது, நின்றான்.

"வலிக்குதா, வலிக்கிற மாதிரி இருக்கா?"

"வலிக்குது."

"எலும்பு நகருதா?"

"இல்ல."

"அப்ப வா."

மேட்டில் ஏறி நின்றபோது மணி ஆறு ஐம்பத்தாறு. ஒட்னி போனை எடுத்துக் கொடுத்தாள், சூடாக இருந்தது. டவர் ஒரு கோடு வந்தது, போனது. அவன் பாறை மேல் ஏறிக் கையைத் தூக்கிப் பிடித்தான். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஆறு ஐம்பத்தெட்டுக்குப் பச்சை வந்தது.

"போயிருச்சு."

"சரி, எறங்கு. காபி ஆறிப்போயிருக்கும்."

பதினொன்றரைக்கு ஒருவர் முதுகுப்பையோடு சறுக்கி வந்து கதவைத் தட்டினார். பெயர் கோரெ, ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், இப்போது சோதனைக்காரர். மீசையில் பனிக்கட்டி தொங்கியது.

"ஏழு மணிக்கு கீழ உன் வீட்டுல மணி அடிச்சேன், யூஸ்டைன். கொஞ்ச நேரத்துல ஆபீஸ்ல கூப்பிட்டு, அவன் மலையில இருக்கான், ஏழுக்கு முன்னாடியே மாத்திட்டான்னாங்க. ரெண்டு நிமிஷம் முன்னாடியாமே? பஸ்ஸா இருந்தா கதவச் சாத்தியிருப்பேன்."

"தப்பு விழலையே?"

"விழல. ஆனா இவ்வளவு தூரம் வந்துட்டேன், மூத்திரம் வாங்காமப் போகமாட்டேன்."

அது அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. மேடேறி வேர்த்ததில் யூஸ்டைன் வற்றிப்போயிருந்தான். வெளிக் கக்கூஸில் கோரெ முன்னால் நின்று பார்க்க, அறுபது மில்லிதான் வந்தது. தொண்ணூறு வேண்டும். திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். அவன் தண்ணீர் குடித்தான், ஆரஞ்சு தின்றான். கோரெ அவனைக் கண்ணிலிருந்து விடக்கூடாது என்பதால் பகடை ஆட்டத்தில் சேர்ந்துகொண்டு குரோவை இரண்டு முறை தோற்கடித்தார். ஒரு மணி ஆனது, ஒன்றரை ஆனது.

ஒட்னி எழுந்தாள். "நாப்பது வருஷமா எத்தன பேர மூத்திரம் போக வச்சிருக்கேன். ரெண்டு பேரும் கக்கூஸுக்குப் போங்க."

குடத்தையும் வாளியையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போய், மூடிய கதவுக்கு வெளியே பனியில் நின்று, குடத்துத் தண்ணீரை மெல்ல, நூலாக, வாளியில் ஊற்றினாள்.

"அம்மா, சிரிப்பு வருது!"

"சிரிச்சா அடைச்சுக்கும். சும்மா கேளு."

"எனக்கே வந்துரும் போலிருக்கு" என்றார் கோரெ உள்ளேயிருந்து.

குடம் காலியாவதற்குள் நூற்றைம்பது மில்லி வந்தது.

புட்டிகளை மூடி முத்திரை வைத்த பிறகு கோரெ படிவத்தை நீட்டினார். உன் கருத்து என்று ஒரு கட்டம் இருந்தது. யூஸ்டைன் யோசித்து, "செவிலியின் உதவி கிடைத்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். கோரெ படித்துவிட்டு மடித்தார். பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி இரண்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

"நாளைக்கு எங்க இருப்ப?" என்றாள் ஒட்னி.

"இங்கதான்."

"எழுதியாச்சா?"

"திங்கக்கிழமை வரைக்கும் எல்லா நாளும் மேட்டுலயே மாத்திட்டேன்."

முதல் தப்பு காலாவதியாகும் பதினெட்டாம் நாள் காலை ஏழிலிருந்து எட்டு வரை அவன் ஃபாகெர்னெஸ் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தான். யாரும் வரவில்லை. எட்டு அடித்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அந்தக் கோடையில் அவனுடைய தலைவன் இரண்டு பந்தயம் ஜெயித்தான். இரண்டிலும் தண்ணீர் சுமந்தது யூஸ்டைன். அணி அவனிடம் இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தக் கையெழுத்து வாங்கியது.